ஒரே மருந்து... இரண்டு படிகம்... 12 மடங்கு வேகம்!

காரைக்கால் பக்கத்துக் கிராமங்களில் மாலை ஆறு மணி ஆனால் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். வயலில் மருந்தடித்துவிட்டு வந்தவர்கள் ஸ்பிரேயரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்துவார்கள். இரண்டுக்கும் காரணம் பூச்சிதான். அங்கே புகையான், இங்கே கொசு.

வயலில் அடிக்கும் மருந்தும், கொசுவுக்காகச் சுவரிலும் வலையிலும் பூசப்படும் மருந்தும் வேறு வேறு என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பல நேரங்களில் இரண்டும் ஒன்றே. அதன் பெயர் டெல்டாமெத்ரின். பெயரில் டெல்டா இருந்தாலும் காவிரி டெல்டாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால், காவிரி கடலைத் தொடும் கடைமடை மக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பொருள் அது.

இந்த மருந்து தூய நிலையில் ஒரு வெள்ளைத் தூள். தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு படிகம். அந்தப் படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்து, கொசு விழுந்து சாவதற்கு ஆகும் நேரம் மாறுகிறது. மருந்து அதேதான், அளவும் அதேதான். அடுக்கு மட்டும் மாறினால் வேகம் 12 மடங்கு வரை கூடுகிறது என்று 2020-ல் ஓர் ஆய்வு சொன்னது. எப்படி?

உப்பும் நெய்யும் சொல்லும் பாடம்

படிகம் என்றதும் வைரத்தையும் ஸ்படிக மாலையையும் நினைக்க வேண்டாம். அடுப்படியிலேயே இருக்கிறது. வேதாரண்யம் உப்பை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் கிட்டத்தட்ட ஒரு குட்டிப் பெட்டி. உள்ளே சோடியமும் குளோரினும் தறியில் ஊடும் பாவும்போல ஒழுங்காக மாறி மாறி நிற்பதால்தான் வெளியே அந்தப் பெட்டி வடிவம் வருகிறது. 1913-ல் பிராக் என்ற தந்தையும் மகனும் எக்ஸ்-ரே கதிரைச் செலுத்தி முதன்முதலில் உள் அடுக்கைக் கண்டுபிடித்த படிகங்களில் ஒன்று, இந்தச் சமையல் உப்புதான்.

அடுத்தது நெய். வெண்ணெயைக் காய்ச்சி, பாத்திரத்திலேயே மெதுவாக ஆறவிட்டால் மணல் மணலாக உறைகிறது. அதே நெய்யைச் சூட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் மெழுகுபோல வழவழவென்று இறுகிவிடுகிறது. நெய் மாறவில்லை. அது ஆறிய விதம் மாறியது, உறைந்த விதமும் மாறியது. வாயில் வைத்தால் இரண்டும் வேறு வேறு நெய்போலத்தான் தோன்றும்.

கரிக்கும் இதே கதைதான். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டும் கார்பன், மோதிரத்தில் இருக்கும் வைரமும் கார்பன். ஒரே பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட விதங்களில் அடுக்கிக்கொள்ளும் இந்தக் குணத்தை வேதியியலில் 'பல்லுருவம்' என்பார்கள். மாத்திரை தயாரிக்கும் கம்பெனிகளுக்கு இது வாழ்வா சாவா பிரச்னை. அடுக்கு மாறினால் மாத்திரை வயிற்றில் கரையும் வேகம் மாறும், நோய் குணமாவதும் தள்ளிப்போகலாம். அதனால் மனிதனுக்கான மருந்துகளின் படிகங்களை விழுந்து விழுந்து ஆராய்ந்தார்கள். பூச்சிமருந்தின் படிகத்தைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் கவலைப்படவில்லை. பூச்சி செத்தால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

பூவிலிருந்து புட்டிக்கு

டெல்டாமெத்ரினின் மூதாதை ஒரு பூ. சாமந்தி இனத்தைச் சேர்ந்த பைரித்ரம் என்ற வெள்ளைப் பூவைக் காயவைத்துப் பொடித்துத் தூவினால் பூச்சிகள் சுருண்டு விழும். இந்தப் பொடியில் இருக்கும் பைரித்ரின், பூச்சியின் நரம்புகளைத் தாக்குகிறது. நரம்பில் சோடியம் போய்வரும் கதவுகளை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுகிறது. நரம்பு ஓயாமல் துடிக்க, பூச்சி நடுங்கி, மல்லாந்து விழுகிறது. ஒரே ஒரு குறை. வெயில் பட்டால் சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும். வீட்டுக்குள் சரி, வயலுக்கு உதவாது.

இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட் என்ற வேதியியலாளர், இந்தப் பூ விஷத்தின் அமைப்பைப் பின்பற்றி, வெயில் தாங்கும் செயற்கை வடிவங்களை உருவாக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1973-ல் பெர்மெத்ரின் வந்தது. 1974-ல் வந்ததுதான் டெல்டாமெத்ரின். அன்று அதற்கு டெகாமெத்ரின் என்று பெயர். அதுவரை தெரிந்திருந்த பூச்சிக்கொல்லிகளை எல்லாம் ஓரங்கட்டும் வீரியம் அதற்கு இருந்தது. பிரான்ஸின் ரூசல்-யூக்லாஃப் நிறுவனம் 'டெசிஸ்' என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றும் பூச்சிமருந்துக் கடைகளில் பழகிய பெயர்.

அந்த வீரியம் கையில் கிடைத்ததே ஒரு படிகத்தால்தான். டெல்டாமெத்ரின் மூலக்கூறில் இடது-வலது என்று திரும்பக்கூடிய மூன்று முக்குகள் உண்டு. அதனால் ஒரே அணுக்களை, ஒரே வரிசையில் இணைத்தாலும் எட்டு வடிவங்கள் வரலாம். எலியட் குழு அவற்றில் இரண்டு வடிவங்கள் மட்டும் கலந்த கலவை வரை வந்துவிட்டது. அந்தக் கலவையை ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் கரைத்து வைத்தபோது, ஒரு வடிவம் மட்டும் படிகமாகிக் கீழே இறங்கியது. மற்றது கரைசலிலேயே நின்றுவிட்டது. இறங்கிய அந்தப் படிகத்தைச் சோதித்தபோது, வீரியம் முழுக்க அதில்தான் இருந்தது. கற்கண்டு கட்டுவதுபோல, படிகமாவதே பிரித்தெடுக்கும் வழியாகவும் அமைந்துவிட்டது.

இடது செருப்பா, வலது செருப்பா?

கிடைத்த படிகம் எட்டு வடிவங்களில் எது? இதைச் சாதாரணச் சோதனைகளால் உறுதியாகச் சொல்ல முடியாது. இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் ஒரே எடை, ஒரே தோல், ஒரே அளவு. காலில் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். பூச்சியின் நரம்புக் கதவும் அப்படித்தான். சரியான வடிவம் வந்தால் மட்டுமே பொருந்தும். மாற்று வடிவம் எத்தனை கிராம் வந்தாலும் பலன் சொற்பம்.

ரோத்தம்ஸ்டெட்டிலேயே ஜே.டி.ஓவன் என்ற ஆய்வாளர் இந்தப் படிகத்தை எக்ஸ்-ரே கதிர்முன் வைத்தார். படிகத்துக்குள் நுழையும் கதிர், அணு அடுக்குகளில் பட்டுப் பல திசைகளில் சிதறி, புள்ளிப் புள்ளியாகப் பதியும். வாசலில் வைத்த புள்ளிகளைப் பார்த்தே என்ன கோலம் என்று சொல்லிவிடும் பாட்டிகள்போல, அந்தப் புள்ளிகளின் இடத்தையும் அடர்த்தியையும் வைத்து உள்ளே எந்த அணு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். 1975-ல் ஓவன் வெளியிட்ட முடிவு, மூன்று முக்குகளும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதை ஐயமின்றிச் சொன்னது.

டெல்டாமெத்ரினில் இரண்டு புரோமின் அணுக்கள் இருக்கின்றன. புரோமின் கனமான அணு. இத்தகைய அணுக்கள் எக்ஸ்-ரேயைக் கொஞ்சம் வித்தியாசமாகச் சிதறடிக்கும். இடமா, வலமா என்று கண்டுபிடிக்க உதவும் துப்பு அதுதான். இந்த வித்தியாசமான சிதறலைக் கொண்டு படிகங்களின் உள்ளமைப்பைத் தீர்க்கும் முறையைச் செழுமைப்படுத்தியதில் சென்னைக்கும் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைமை வகித்த ஜி.என்.ராமச்சந்திரன், எஸ்.ராமனுடன் சேர்ந்து 1956-லேயே இதற்கான ஒரு வழிமுறையை வெளியிட்டார். 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கு என்று உலகுக்குச் சொன்ன அதே ராமச்சந்திரன்தான்.

அடுக்கு மாறினால் ஆட்டம் மாறும்

மூலக்கூறின் வடிவம் தெரிந்துவிட்டது. கதை முடிந்தது என்றே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் நினைத்தார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பார்ட் கார், மைக்கேல் வார்ட் ஆகியோரின் குழு அப்படி நினைக்கவில்லை.

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது டி.டி.டி. அதை 1874-லேயே தயாரித்துவிட்டார்கள். அது பூச்சியைக் கொல்லும் என்று 1939-ல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இவ்வளவு பிரபலமான பொருளுக்கு இரண்டாவது ஒரு படிக அடுக்கு இருக்கிறது என்று 2017-ல் இந்தக் குழு காட்டியது. பழ ஈக்களை அதன்மேல் நடக்கவிட்டுப் பார்த்தபோது, இரண்டாவது அடுக்கு வேகமாகக் கொன்றது.

அடுத்தது டெல்டாமெத்ரின். சந்தையில் இருக்கும் தூள் முதல் வகை அடுக்கு. அதை 110 டிகிரி செல்சியஸ் வரை சில நிமிடங்கள் சூடாக்கி, உருகச் செய்து, அறை வெப்பத்தில் ஆறவிட்டால், ஒரு மையத்திலிருந்து நாலாபுறமும் விரியும் மெல்லிய நார்களாக உறைகிறது. இது இரண்டாம் வகை அடுக்கு. கொசுக்களை இரண்டின் மீதும் உட்காரவிட்டு நேரம் கணக்கிட்டார்கள். இரண்டாம் வகையில் கொசுக்கள் விழுந்த வேகம் 12 மடங்கு வரை அதிகம். மாதக்கணக்கில் வைத்திருந்தும் அந்த அடுக்கு கலையவில்லை.

(எச்சரிக்கை: பரிசோதனைச்சாலையில், தகுந்த பாதுகாப்போடு செய்தது இது. பூச்சிமருந்தை வீட்டில் சூடாக்குவது உயிருக்கே ஆபத்து. யாரும் முயல வேண்டாம்.)

ஏன் இந்த வேகம்? கொசு இந்த மருந்தைக் கடித்துத் தின்பதில்லை. வலையிலோ சுவரிலோ வந்து உட்காருகிறது. அதன் கால்களின் மெழுகு போன்ற மேல்தோல், படிகத்தின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக உரித்தெடுக்கிறது. முதல் வகை அடுக்கு, சிமென்ட் பூசிக் கட்டிய செங்கல் சுவர். மூலக்கூறுகள் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் சுலபத்தில் பிரிந்து வராது. இரண்டாம் வகை, பூச்சு இல்லாமல் வெறுமனே அடுக்கிவைத்த செங்கல். தொட்டால் கையோடு வந்துவிடும். நிலைத்தன்மை கொஞ்சம் குறைவு என்பதே அதன் பலம்.

2021-ல் இதே குழு இமிடாகுளோபிரிட்டை ஆராய்ந்தது. நெல், பருத்தி விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த பெயர். அதுவரை அதற்கு இரண்டு படிக வகைகளே தெரிந்திருந்தன. இவர்கள் மேலும் ஏழு வகைகளைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பதாவது வகை, விற்பனையில் இருக்கும் வகையைவிட ஒன்பது மடங்கு வேகமாகக் கொசுக்களைக் கொன்றது. தேனீக்களுக்கு இமிடாகுளோபிரிட் பெரும் கேடு என்பது ஊரறிந்த விஷயம். வேகமான வகையாக இருந்தால் மிகக் குறைந்த அளவே போதும், சுற்றுப்புறத்தில் சேரும் நஞ்சும் குறையும் என்பதுதான் இந்த ஆய்வுகளின் அடிப்படை எண்ணம். அதிக விஷத்தைத் தேடி அலைவதைவிட, இருக்கும் விஷத்தை முழுதாகப் பயன்படுத்தும் வழி.

சுவரில் நண்பன்... வயலில்?

இந்தியாவில் மலேரியா தடுப்புக்காக வீட்டுச் சுவர்களில் அடிக்கும் மருந்துகளில் ஒன்று, டெல்டாமெத்ரின் 2.5 சதவிகிதத் தூள். தண்ணீரில் கலக்கி அடித்தால் ஒரு சதுர மீட்டர் சுவரில் 20 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. டி.டி.டி.க்கு அதே ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம் தேவை. 50 மடங்கு வித்தியாசம். எலியட்டின் படிகத்துக்கு இருக்கும் வீரியத்தை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். தண்ணீர் காய்ந்த பிறகு சுவரில் எஞ்சுவது நுண்ணிய படிகத் துகள்கள். கொசு வந்து உட்காருவது அதன் மேல்தான். ஆகவே அடுக்கு பற்றிய ஆராய்ச்சியின் பலன் நேரடியாக எட்டக்கூடிய இடம் இதுவே.

வயலில் கதை தலைகீழ். காரைக்கால், நாகை, மயிலாடுதுறை விவசாயிகளைத் தூங்கவிடாத பூச்சி புகையான். பயிரின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பச்சைப் பசேலென்று இருந்த வயலில் திடீரென்று வட்ட வட்டமாகத் தீய்ந்தது போல இருக்கும். நான்கு நாள் கவனிக்காவிட்டால் மா கணக்கில் பயிர் சாய்ந்துவிடும். பதறிப்போய்க் கடைக்கு ஓடி, 'உடனே சாகிற மாதிரி ஒண்ணு கொடுங்க' என்று கேட்பது இயல்பு.

அங்கேதான் சிக்கல். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.செல்லையா, ஈ.ஏ.ஹைன்ரிக்ஸ் இருவரும் செய்து 1980-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு வினோதத்தைப் பதிவு செய்தது. டெகாமெத்ரின், அதாவது இன்றைய டெல்டாமெத்ரின் அடித்த நெல்லில் புகையான் குறைவதற்குப் பதிலாக, அடிக்காத வயலைவிடப் பல மடங்கு பெருகியது. மருந்து பட்டும் பிழைத்த தாய்ப்பூச்சிகள் அதிகமாக முட்டையிட்டன. மருந்தடித்த பயிரில் அவை அதிகமாகச் சாற்றை உறிஞ்சின. இவற்றோடு, புகையானைத் தின்று வாழும் சிலந்திகளும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் மருந்தில் முதலில் மடிந்துவிடும். காவல்காரனைத் துரத்திவிட்டுத் திருடனுக்கு விருந்து வைத்த கதை.

அதனால்தான் புகையான் தாக்கும் நெல்லில் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தவிர்க்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை சொல்கிறது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹேலோத்ரின் எல்லாம் அந்தக் குடும்பம்தான். பெயரின் வாலில் 'த்ரின்' என்று முடிகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

சுவரில் 20 மில்லிகிராமில் ஒரு குடும்பத்தைக் காக்கும் பொருள், வயலில் ஒரு குடும்பத்தின் போகத்தையே சாய்த்துவிடக்கூடும். படிக அடுக்கை எவ்வளவு மாற்றினாலும் இந்தக் குணம் மாறாது. வேகமான மருந்து, தவறான இடத்தில் அடித்தால் தவறையும் வேகமாகவே செய்யும்.

கடைமடையின் கவலை

காரைக்காலுக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்கக்கடல். அரசலாறும் திருமலைராஜனாறும் நாட்டாறும் தஞ்சைத் தரணியையெல்லாம் நனைத்துவிட்டு, கடைசியில் வந்து சேரும் இடம். தண்ணீர் வரும்போது கடைசியாக வரும். மேலே வயல்களில் வடித்துவிட்டது எல்லாம் சேர்ந்து வரும்.

டெல்டாமெத்ரின் மனித உடலில் ஒப்பீட்டளவில் சீக்கிரம் சிதைந்து வெளியேறிவிடும். மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் அந்த வசதி இல்லை. மிகச் சிறிய அளவே அவற்றைக் கொன்றுவிடும். வாய்க்காலில் ஸ்பிரேயரைக் கழுவுவது, காலிப் புட்டியை ஆற்றில் வீசுவது, மருந்து பூசிய கொசுவலையைக் குளத்தில் அலசுவது மூன்றும் ஒரே பாவத்தின் மூன்று வடிவங்கள். வயலில் வரப்பு நண்டு காணாமல்போனால் அது நல்ல செய்தி அல்ல என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

இன்னொரு கவலையும் உண்டு. தண்ணீர் நிற்கும் நெல் வயல்களில் கொசுப்புழுக்களும் வளரும். வயலில் த்ரின் மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால், அந்தத் தண்ணீரில் வளரும் கொசுக்களில் மருந்தைத் தாங்கும் சிலது மட்டும் பிழைத்துப் பெருகும். பிறகு அவை வீட்டுக்கு வந்து, அதே மருந்து பூசிய வலையில் கூசாமல் உட்காரும். விவசாயத்தில் அடித்த மருந்தால் கொசுக்களுக்கு எதிர்ப்புச் சக்தி கூடியது உலகின் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. வயலில் ஒருவர் அவசரப்பட்டு அடிக்கும் ஒரு டேங்க் மருந்து, ஊரில் தொட்டிலில் கட்டிய வலையின் பலத்தைக் குறைக்கலாம். வயலும் வீடும் தனித்தனி அல்ல.

வேகமான படிக அடுக்கு இதற்கு உதவுமா? கொசு சில நொடிகளே உட்கார்ந்தாலும் போதிய மருந்து காலில் ஏறிவிட்டால், ஓரளவு எதிர்ப்பு உள்ள கொசுவையும் வீழ்த்தலாம் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. ஆய்வுக்கூடத்திலிருந்து கடைவீதிக்கு வர இன்னும் பல சோதனைகளைத் தாண்ட வேண்டும்.

புதுச்சேரியின் சொந்தப் படிகம்

கொசுவைக் கொல்ல இன்னொரு படிகமும் இருக்கிறது. அதைத் தயாரிப்பது தொழிற்சாலை அல்ல, ஒரு பாக்டீரியா. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்துக் கிடந்த ஒரு குட்டையிலிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. சுருக்கமாக பி.டி.ஐ. இந்த பாக்டீரியா தன் உடலுக்குள்ளேயே புரதத்தால் ஆன படிகங்களைக் கட்டுகிறது. கொசுப்புழு அதை விழுங்கினால், அதன் குடலில் இருக்கும் கடுமையான காரத்தன்மையில் படிகம் கரைந்து, நஞ்சு வெளிப்பட்டு, குடலில் ஓட்டை போடுகிறது. மனிதன், மாடு, வாத்து வயிறுகளில் இருப்பது அமிலம். அங்கே இந்தச் சாவி வேலை செய்யாது. மீனுக்கும் கேடு இல்லை.

1975-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரியின் ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், இந்த பாக்டீரியாவின் ஒரு ரகத்தைக் கொண்டு கொசுப்புழுக்கொல்லி தயாரிக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கி, தயாரிப்பாளர்களுக்கு வழங்கியிருக்கிறது. பறக்கும் கொசுவைத் துரத்துவதைவிட, சாக்கடையிலும் தேங்கிய நீரிலும் புழுவாக இருக்கும்போதே முடிப்பது எளிது. காரைக்காலும் புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான் என்பதால், இது சொந்த ஊர்ச் சரக்கு.

லேபிளில் இருக்கும் ரகசியம்

பூச்சிமருந்துப் புட்டியில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்துகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே மருந்து எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கான குறிப்பு அது.

* டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி.: நனையும் தூள், குருணை. உள்ளே படிகத் துகள்களாகவே மருந்து இருக்கும். தண்ணீரில் கரையாமல் மிதக்கும். அதனால் அடிக்கும்போது அவ்வப்போது டேங்கைக் கலக்க வேண்டும்.
* எஸ்.சி.: நுண்படிகங்கள் மிதக்கும் கெட்டியான திரவம். நாள்பட நாள்பட, சிறிய படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்து அடியில் கட்டிக்கொள்ளலாம். 'நன்றாகக் குலுக்கிப் பயன்படுத்தவும்' என்று போட்டிருப்பது சம்பிரதாயத்துக்கு அல்ல. குலுக்கியும் கலையாமல் கட்டியாக நின்றால், காலாவதித் தேதியைப் பார்த்துக் கடையில் கேளுங்கள்.
* இ.சி., எஸ்.எல்.: மருந்து முழுதாகக் கரைந்த திரவம். புட்டிக்குள் படிகம் இல்லை. இ.சி. தண்ணீரில் விட்டால் பால்போல வெளுக்கும்.

லேபிளில் இருக்கும் முக்கோணத்தின் நிறமும் முக்கியம். சிவப்பு என்றால் அதிபயங்கர நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாகக் கடுமை குறையும். பச்சையும் நஞ்சுதான், மறக்க வேண்டாம்.

வயலுக்கும் வீட்டுக்கும் சில குறிப்புகள்

* நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டால் காற்றும் வெயிலும் தூரில் படும், புகையான் குறையும். யூரியாவை அள்ளிப் போட்டால் புகையான் கூடும்.
* தூரை விலக்கி எண்ணிப் பாருங்கள். ஒரு தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால், ஒரு சிம்புக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தியே இல்லாவிட்டால் ஒன்று என்றாலே கவனிக்க வேண்டும். முதலில் வயலில் தண்ணீரை வடித்துவிடுங்கள்.
* மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால், கடைக்காரரிடம் மட்டும் கேட்காமல் வேளாண் அலுவலரிடமோ, 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் இலவச எண்ணிலோ கேட்டுவிட்டு அடியுங்கள். அடிக்கும்போது தூரில் படும்படி அடிக்க வேண்டும்.
* கையால் கலக்காதீர்கள். காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள். குளிர்பானப் பாட்டிலில் மருந்தை ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எமனை அலமாரியில் வைப்பதற்குச் சமம்.
* கடைகளில் விற்கும் சாதாரணக் கொசுவலையில் மருந்து இருக்காது. நீண்டகாலம் நீடிக்கும் மருந்து வலை என்றால், 20 முறை வரை துவைத்தாலும் பலன் இருக்கும்படி செய்யப்பட்டது. சாதாரண சோப்பில் மெதுவாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடரும் வெயிலும் ஆகாது. அலசிய தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள்.

ஓவன் 1975-ல் ஒரு படிகத்துக்குள் எட்டிப் பார்த்தபோது, அதே படிகம் எத்தனையோ கடல் தாண்டி ஒரு கடைமடைக் கிராமத்தின் சுவரிலும் வயலிலும் வந்து நிற்கும் என்று நினைத்திருக்க மாட்டார். மருந்தின் வேகத்தை அடுக்கு முடிவு செய்கிறது. அது காக்குமா, கெடுக்குமா என்பதை ஸ்பிரேயரைத் தோளில் மாட்டுகிறவர் முடிவு செய்கிறார். அடுத்த முறை மாலை ஆறு மணிக்கு அதைக் கழுவப் போகும்போது, வாய்க்காலைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்க் கழுவினால் போதும். அந்த வாய்க்காலின் மறுமுனையில் ஒருவர் வலை வீசிக் காத்திருப்பார்.